ஹம்பிக்குப் போகிறீர்களா? நல்ல கைடு கிடைக்கச் சில குறிப்புகள்

ஹம்பிக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் ரயில் டிக்கெட், அறை, சாப்பாடு எல்லாவற்றையும் மாதக்கணக்கில் முன்பே பார்த்துவிடுகிறார்கள். அங்கே யார் சுற்றிக்காட்டப் போகிறார் என்பதை மட்டும் கடைசி நிமிடத்துக்கு விட்டுவிடுகிறார்கள். 1336-ல் எழுந்து, 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் சூறையாடப்பட்ட விஜயநகரத் தலைநகரம் அது. பாதுகாக்கப்பட்ட பகுதியே 40 சதுர கிலோமீட்டருக்கு மேல். விவரம் தெரிந்த உள்ளூர்க்காரர் கூட வராவிட்டால், மதியத்துக்குள் எல்லா மண்டபமும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும்.

1. கைடு என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் முதலில் அரசு கொடுத்த அடையாள அட்டையைக் கேளுங்கள். அங்கீகாரம் பெற்றவர்கள் தயங்காமல் காட்டுவார்கள். ஹோஸ்பேட் ரயில் நிலையத்தில் இறங்கியதுமே அவசரப்பட்டு யாருக்கும் சரி சொல்லிவிட வேண்டாம். தங்கும் இடத்தில் விசாரித்து, முதல் நாள் மாலையே பேசி முடிப்பது நல்லது.

2. கன்னடம், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் பேசும் கைடுகள் கிடைப்பார்கள். தமிழ் பேசுகிறவர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், மொழி தெரிந்த ஒருவர் வீட்டுப் பெரியவர்கள் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டு வரட்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், பார்க்கும் இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

3. கட்டணம் அரைநாளுக்கா, முழுநாளுக்கா, எத்தனை பேருக்கு என்று தெளிவாகக் கேளுங்கள். ஆட்டோ வாடகை, நுழைவுச் சீட்டு, கைடின் சாப்பாடு யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிவிட்டால் மாலையில் மனக்கசப்பு வராது.

4. ஆளின் ஆழம் தெரிய ஒரு கேள்வி போதும். 'விட்டலர் கோயில் கல்தேர் ஒரே கல்லில் செதுக்கியதா?' என்று கேளுங்கள். 50 ரூபாய் நோட்டில் இருக்கும் அதே தேர்தான். 'ஆமாம், ஒரே கல்' என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் வேறு ஆளைப் பாருங்கள். விஷயம் தெரிந்தவர் உங்களை அருகில் நிறுத்தி, கற்கள் இணையும் கோடுகளைக் காட்டுவார். அது கருடனுக்கான சந்நிதி என்பார். முன்னால் நிற்கும் யானைகள் பிற்பாடு கொண்டுவந்து வைக்கப்பட்டவை, முதலில் இருந்தவை குதிரைகள் என்று சொல்லி, அவற்றின் வால் மிச்சத்தையும் காட்டுவார். 1856-ல் கிரீன்லா என்பவர் எடுத்த புகைப்படத்தில் தேரின் மேல் செங்கல் விமானம் இருக்கிறது, இன்று இல்லை. அந்தப் படத்தின் பிரதியைக் கையில் வைத்திருக்கும் கைடு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

5. கைடு எதைச் சொன்னாலும், 'இது கல்வெட்டில் இருக்கிறதா, வெளிநாட்டுப் பயணி எழுதியதா, ஊரில் சொல்லும் கதையா?' என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். மூன்றுமே ஹம்பியில் ஏராளம். 1443-ல் பாரசீகத்திலிருந்து அப்துர் ரசாக் வந்தார். கிருஷ்ணதேவராயர் காலத்தில் போர்த்துக்கீசியர் டோமிங்கோ பயஸ் வந்து, கண்ணால் கண்டதை எழுதிவைத்தார். உக்கிர நரசிம்மர் சிலைக்கு 1528-ம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. மடியில் இருந்த லட்சுமி உருவம் உடைந்து போயிற்று, ஆனால் அணைத்த கை மட்டும் சுவாமியின் முதுகுப்புறம் இன்னும் இருக்கிறது. சுற்றிப்போய்ப் பார்க்காமல் வராதீர்கள். தாமரை மகால், ராணி குளியலறை போன்ற பெயர்கள் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. கதை சொல்வதில் தவறே இல்லை. கதையைக் கதை என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல கைடு.

6. தமிழ்நாட்டிலிருந்து வருகிறோம் என்று மறக்காமல் சொல்லுங்கள். விவரமானவர் பாதையையே மாற்றி, கிருஷ்ணர் கோயிலில் கூடுதல் நேரம் நிறுத்துவார். உதயகிரி வெற்றிக்குப் பின் அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணருக்காகக் கிருஷ்ணதேவராயர் கட்டிய கோயில் அது. அந்தப் பாலகிருஷ்ணர் சிலை இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊர் திரும்பியதும் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டலாம். மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்களின் வேரும் இந்த நகரத்தில்தான்.

7. 'மகாநவமி மேட்டுக்குப் பக்கத்துப் படிக்குளத்தை நிதானமாகக் காட்டுங்கள்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1980-களில் அகழ்ந்து எடுத்தது. அதன் கற்களில், எந்தக் கல் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று கொத்தர்கள் போட்ட குறிகள் இருக்கின்றன. தனியாகப் போனால் நிச்சயம் கண்ணில் படாது. எனக்கு ஹம்பியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அரசர்களின் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள், கல் சுமந்தவர்களின் கையெழுத்து இங்கேதான் கிடைக்கிறது.

8. ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டச் சொல்லாதீர்கள். விருபாட்சர் கோயில், ஆற்றங்கரை, விட்டலர் கோயில் ஒரு நாள். அரண்மனைப் பகுதி, ஹசாரராமர் கோயில், யானைக் கொட்டில் மறுநாள். காலை வெளிச்சம் வந்ததும் கிளம்பி, உச்சி வெயிலில் கமலாபுரம் அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். ஹம்பி முழுவதற்குமான மாதிரி வடிவம் அங்கே இருக்கிறது. அதைச் சுற்றி நின்று கைடு விளக்கினால், எது எங்கே என்பது அப்படியே பதிந்துவிடும். வெள்ளிக்கிழமை விடுமுறை.

9. முட்டி வலி உள்ளவர்கள் இருந்தால் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். விட்டலர் கோயில் வரை பேட்டரி வண்டி போகிறது. மற்ற இடங்களில் எந்தப் பக்கம் படி குறைவு என்று கைடுக்குத் தெரியும். துங்கபத்திரையில் தண்ணீர் கூடியிருக்கும்போது பரிசல் வேண்டாம் என்று அவர் சொன்னால், பிள்ளைகள் எவ்வளவு அடம் பிடித்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

10. விட்டலர் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டிக் காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தட்டித் தட்டித் தேய்ந்ததால்தான் தடை வந்தது. தானாகவே தட்டிக் காட்ட முன்வரும் கைடை அங்கேயே தடுத்துவிடுங்கள்.

11. கடைகளுக்கு அழைத்துப்போக வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

12. பிடித்திருந்தால் பேசியதற்கு மேல் கொஞ்சம் கொடுங்கள். கைபேசி எண்ணை வாங்கி வைத்து, அடுத்து ஹம்பி போகிற உறவினர்களுக்குக் கொடுங்கள். சுற்றுலாப் பருவம் முடிந்த கோடை மாதங்களில் வேலையில்லாமல் இருக்கும் நல்ல கைடுக்கு, அந்த ஒரு அழைப்பு பெரிய உதவி.