குள்ளக் குமிழ் ஐரிஸ்: முக்கியக் குறிப்புகள்

அலங்காரத் தோட்டக்கலைப் பாடத்தில் குமிழ்ப் பூக்கள் என்றதும் டியூலிப், லில்லி, நார்சிசஸ் என்று மூன்று பெயர்களோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பனிக்காலம் முழுதாக முடியும் முன்பே பூத்துவிடும் குள்ள ஐரிஸ் விடுபட்டுப்போகிறது. இது வளரும் மலைகளின் தட்பவெப்பத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நடவு ஆழம், நீர், ஓய்வு, உரம் பற்றிய விதிகள் அதிலிருந்தே வரும். தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அ. வகைப்பாடு

1. பேரினம் ஐரிஸ். குடும்பம் இரிடேசி. துறை அஸ்பராகேல்ஸ். ஒருவித்திலைத் தாவரம்.
2. ஐரிஸ் பேரினத்தை 1753-இல் முறையாகப் பெயரிட்டு வெளியிட்டவர் லின்னேயஸ்.
3. ஐரிஸ் சிற்றினங்களில் பெரும்பாலானவை மட்டநிலத்தண்டு உடையவை. குமிழம் உடையவை குறைவு.
4. குமிழ் ஐரிஸின் முக்கியப் பிரிவுகள் மூன்று: ரெட்டிகுலேட்டா, ஜூனோ, ஸிஃபியம். வெட்டுமலராக விற்கப்படும் உயரமான டச்சு ஐரிஸ் ஸிஃபியம் பிரிவு. முன்பருவத்தில் பூக்கும் குள்ள வகைகள் ரெட்டிகுலேட்டா பிரிவு.
5. ரெட்டிகுலேட்டா பிரிவின் துணைப்பேரினம் ஹெர்மோடாக்டிலாய்டிஸ்.
6. குங்குமப்பூவும் கிளாடியோலஸும் இதே இரிடேசி குடும்பம். ஆனால் அவற்றுக்கு இருப்பது கந்தம், குமிழம் அல்ல. காஷ்மீர் குங்குமப்பூவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஆண்டு 2020.

ஆ. தாயகமும் தட்பவெப்பமும்

7. ஐரிஸ் ரெட்டிகுலேட்டாவின் தாயகம் காகசஸ், துருக்கி, ஈராக், ஈரான் மலைப்பகுதிகள்.
8. அங்கே குளிர்காலத்தில் பனி மூடும். பனி உருகும்போது மண்ணில் ஈரம் மிகும். அந்தச் சிறிய இடைவெளியில் செடி பூத்து, இலை விட்டு, அடுத்த ஆண்டுக்கான உணவைக் குமிழில் சேர்த்துவிடுகிறது.
9. பிறகு வரும் கோடை வெப்பமும் வறட்சியும் மிக்கது. அப்போது இலை காய்ந்து, குமிழ் மண்ணுக்குள் ஓய்வெடுக்கிறது.
10. ஆகவே இதன் அடிப்படைத் தேவைகள் மூன்று: குளிர்காலக் குளிர், வசந்தகால ஈரம், கோடைக்கால வறட்சி.
11. பிரிட்டன் போன்ற மிதக்குளிர் நாடுகளில் பூக்கும் காலம் ஜனவரி இறுதி முதல் மார்ச் வரை.

இ. புற அமைப்பு

12. குமிழைச் சுற்றி வலை போன்ற நார் உறை உண்டு. இந்தப் பிரிவை அடையாளம் காண உதவும் முதன்மைப் பண்பு இது.
13. ரெட்டிகுலேட்டாவின் இலை குறுக்குவெட்டில் நான்கு பட்டை உடையது. ஐரிஸ் பேக்கரியானாவின் இலையில் எட்டு வரிமேடுகள் இருக்கும்.
14. பூக்கும்போது உயரம் ஏறத்தாழ 10 முதல் 15 செ.மீ. பூ வாடிய பிறகு இலை 30 செ.மீ. அல்லது அதற்கு மேலும் நீளும்.
15. பூவின் பாகங்கள் மும்மூன்றாக அமைந்தவை. வெளிவட்டத்தில் வெளிப்புறமாக வளைந்த 3 பூவிதழ்கள். அவற்றின் நடுவே மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற மேட்டுக்கோடு. உள்வட்டத்தில் நிமிர்ந்த 3 பூவிதழ்கள். நடுவில் இதழ் போலவே தோன்றும் 3 சூலகத்தண்டுக் கிளைகள்.
16. ஒவ்வொரு சூலகத்தண்டுக் கிளையின் அடியிலும் ஒரு மகரந்தத்தாள் மறைந்திருக்கும். மஞ்சள் கோட்டைப் பின்பற்றி உள்ளே நுழையும் தேனீயின் முதுகு முதலில் சூலகமுடியின் விளிம்பில் உரசும். அதன் பிறகே மகரந்தப்பையைத் தொடும். வேறு பூவிலிருந்து கொண்டுவந்த மகரந்தம் முதலில் சேருவதால் அயல் மகரந்தச் சேர்க்கைக்கு வழி கிடைக்கிறது.
17. தண்டு போலத் தெரியும் பகுதி உண்மையில் நீண்ட பூவிதழ்க் குழல். கீழ்மட்டச் சூலகம் மண்மட்டத்தை ஒட்டியே இருக்கும். விதைக்காய் தரையருகே தோன்றக் காரணம் இதுவே.

ஈ. முக்கியச் சிற்றினங்கள்

18. ஐரிஸ் ரெட்டிகுலேட்டா: ஊதா, நீலம். பரவலாகப் பயிரிடப்படுவது.
19. ஐரிஸ் டான்ஃபோர்டியே: துருக்கி. மஞ்சள் பூ. உள்வட்ட இதழ்கள் சிறு முள்மயிர் அளவுக்குக் குறுகியவை. வணிகத்தில் கிடைப்பது மும்மடியம், எனவே மலடு.
20. ஐரிஸ் ஹிஸ்ட்ரியாய்டிஸ்: வடக்குத் துருக்கி. இலை எட்டிப்பார்க்கும் போதே பெரிய நீலப் பூ விரிந்துவிடும்.
21. ஐரிஸ் வினோகிராடோவியை: ஜார்ஜியா. வெளிர் மஞ்சள். இயற்கையில் அழியும் நிலையில் உள்ளது. மலைப் புல்வெளித் தாவரமான இதற்குக் கோடையிலும் மண் முழுதாகக் காயக்கூடாது. பிரிவின் பொதுவிதிக்கு இது விலக்கு.
22. ஐரிஸ் பேக்கரியானா: தென்கிழக்குத் துருக்கி, ஈராக், ஈரான். 1889-இல் விவரித்தவர் மைக்கேல் ஃபாஸ்டர். இவர் கேம்பிரிட்ஜ் உடலியங்கியல் பேராசிரியரும் ஆவார்.

உ. ரகங்களும் ஆளுமைகளும்

23. கேத்தரின் ஹாட்ஜ்கின்: வினோகிராடோவியை, ஹிஸ்ட்ரியாய்டிஸ் கலப்பு. உருவாக்கியவர் இ. பி. ஆண்டர்சன். வெளிர் நீலமும் மஞ்சளும் கலந்த இதழில் கரும்புள்ளிகள்.
24. ஹார்மனி: அடர் நீலம். கான்டப்: வெளிர் நீலம். ஜே. எஸ். டைட்: செவ்வூதா. ஜார்ஜ்: ஊதா.
25. ஆலன் மெக்மர்ட்ரி: கனடாவைச் சேர்ந்தவர். இருமடிய டான்ஃபோர்டியேவைக் கலப்பில் பயன்படுத்திப் புதிய நிறச் சேர்க்கைகளைக் கொண்டுவந்தார்.
26. நூல்கள்: டபிள்யூ. ஆர். டைக்ஸ், தி ஜீனஸ் ஐரிஸ், 1913; பிரையன் மேத்யூ, தி ஐரிஸ், 1981.

ஊ. தொட்டியில் வளர்ப்பு

27. நடவுக்காலம் செப்டம்பர், அக்டோபர். அடியில் துளையுள்ள தொட்டி அவசியம்.
28. கலவை: இரண்டு பங்கு மண் சார்ந்த தொட்டிக்கலவை, ஒரு பங்கு பொடிக்கல் அல்லது பெருமணல். நீர் தேங்கினால் குமிழ் அழுகும்.
29. ஒன்றையொன்று தொடாதபடி நெருக்கமாக நடலாம். மேலே பொடிக்கல் பரப்பினால் மழைத்துளி பட்டு மண் தெறித்துப் பூவை அழுக்காக்காது.
30. நட்டபின் ஏறத்தாழ 12 முதல் 15 வாரம் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்க வேண்டும். குளிர் போதாவிட்டால் பூ சீராக வெளிவராது.
31. குளிர்பதனப் பெட்டியில் குமிழை வைப்பவர்கள் ஆப்பிளை அருகில் வைக்கக்கூடாது. பழம் வெளியிடும் எத்திலீன் பூமொட்டைக் கெடுக்கும்.
32. மொட்டு தெரிந்ததும் வெளிச்சமுள்ள, குளிர்ந்த இடத்துக்கு மாற்றவும். சூடான அறையில் பூ விரைவில் வாடிவிடும்.

எ. தோட்டத்தில் வளர்ப்பு

33. முழு வெயிலும் நல்ல வடிகாலும் தேவை. நடுநிலை முதல் சிறிது காரத்தன்மை வரை உள்ள மண் ஏற்றது.
34. நடவு ஆழம் ஏறத்தாழ 10 செ.மீ. டான்ஃபோர்டியேவுக்கு மட்டும் 15 செ.மீ. அல்லது கூடுதல். பூத்தபின் அந்தக் குமிழ் பல சிறு குமிழ்களாக உடைந்து, பூக்கும் திறனுக்கு வளரச் சில ஆண்டுகள் எடுக்கும். ஆழமாக நட்டால் உடைவது குறையும்.
35. பூ முடிந்ததும் இலையை வெட்டக்கூடாது. அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவைத் தயாரிப்பது அந்த இலைதான். அந்தச் சமயத்தில் பொட்டாஷ் மிகுந்த திரவ உரம் கொடுக்கலாம்.
36. இலை மஞ்சளானதும் நீரை நிறுத்தவும். கோடையில் தொடர்ந்து நீர் பாயும் பாத்தி இதற்கு ஏற்றதல்ல.
37. இனப்பெருக்கம்: சேய்க்குமிழ்களைப் பிரித்து நடுதல், விதை. ஒரு ரகத்தை மாறாமல் பெருக்கச் சேய்க்குமிழ் முறையே சரி.

ஏ. நோயும் எச்சரிக்கையும்

38. முக்கிய நோய் மைப்புள்ளி நோய். பூஞ்சையால் வருவது. வெளியுறையில் கறுப்பு மைக்கறை படிந்தது போலத் தோன்றி உள்ளே பரவி, கடைசியில் குமிழ் முழுவதையும் அழித்துவிடும்.
39. நடுமுன் ஒவ்வொரு குமிழையும் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, கறையில்லாமல் இருப்பதை மட்டும் நடவும். கறையுள்ளதை அழித்துவிடவும், உரக்குழியில் போடக்கூடாது.
40. ஐரிஸ் குமிழை உண்டால் நச்சு. வெங்காயத்தோடு சேர்த்து வைக்கக்கூடாது.

ஐ. குழப்பம் தரும் இணைகள்

நான்கு பட்டை இலை: ரெட்டிகுலேட்டா. எட்டு வரி இலை: பேக்கரியானா.
மஞ்சள் பூ, கோடையில் வறட்சி: டான்ஃபோர்டியே. வெளிர் மஞ்சள் பூ, கோடையிலும் ஈரம்: வினோகிராடோவியை.
குமிழம்: குள்ள ஐரிஸ், டச்சு ஐரிஸ். கந்தம்: குங்குமப்பூ, கிளாடியோலஸ்.

தேர்வர்களுக்கு ஒரு சொல்: பெயர்களையும் ஆண்டுகளையும் அட்டவணையாக எழுதி வைத்துத் திருப்பிப் பாருங்கள். சாகுபடி விதிகளை மட்டும் 8, 9, 10 ஆகிய மூன்று குறிப்புகளோடு சேர்த்துப் படியுங்கள். நடவு ஆழமோ நீரோ உரமோ, கேள்வி எப்படித் திரும்பி வந்தாலும் காரணத்தோடு விடை எழுத அந்த மூன்று குறிப்புகளே கைகொடுக்கும்.