குற்றவாளி யார்?

போட்டியில் வென்ற பதுளைக் கல்லூரி மாணவன் ஒருவன் சாராயப் போத்தலோடு பொலிசாரிடம் அகப்படுகிறான் என வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பொதுவாக 21 வயதிற்குட்பட்ட மாணவன்மீதே வழக்கு வரும். விளையாட்டுக் குழுவிலும் அவன் இடத்தை இழக்கக்கூடும். நமது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரச் சட்டமோ 21 வயதிற்குட்பட்டவருக்கு மது விற்பதையே தடை செய்கிறது. (வெறியில் வீதியில் கலகம் செய்தால் அது வேறு குற்றம்.) எனவே பொலிசார் முதலில் கேட்க வேண்டியது, "தம்பி, யாரிடம் வாங்கினாய்?" என்பதே.

தவறணையிலாவது அனுமதிப்பத்திரம் உண்டு. பறிபோகுமென்ற பயமும் உண்டு. லயத்தின் பின்னால் கசிப்பு விற்பவருக்கு அதுவும் இல்லை. பையன் வயதை அவர் கேட்பாரா? அவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவர். மாமா, அண்ணன் என்று அழைக்கப்படுபவர். அதனால் பையன் வாய் திறப்பதில்லை. நாமும் திறப்பதில்லை.