பழுது பார்த்த பின் புகையும் ஆயில் எஞ்சின்

தவணை தவறிய அங்கத்தினரை விசாரிக்கச் செல்வது கூட்டுறவு ஆய்வாளர் வேலையில் இன்பமான பகுதியன்று. மாசி மாதத்தில் அத்தகைய விசாரணை ஒன்றின் பொருட்டுக் குயிலாப்பாளையம் சென்றிருந்தோம். வானூர் வட்டத்தில், கடற்கரைச் சாலைக்கு மேற்கே செம்மண் மேட்டில் அமைந்த ஊர் அது. முந்திரி, சவுக்கு, மணிலா ஆகியவை அங்கே விளைகின்றன. வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். நாம் தேடிச் சென்ற அங்கத்தினர் இவ்விரண்டு நிலங்களையும் நம்பிப் பிழைப்பவர். சங்கக் கடனில் வாங்கிய 5 குதிரைசக்தி ஆயில் எஞ்சின் ஒன்று அவரிடம் உண்டு. மார்கழி முதல் மாசி வரை அது அவருடைய மணிலாவிற்கு நீர் இறைக்கும். அறுவடை முடிந்ததும் வண்டியேறி மரக்காணம் சென்று, பாத்திகளுக்கு உவர்நீர் இறைத்து வாடகை ஈட்டும். மின் இணைப்புக்கு மனுக் கொடுத்துக் காத்திருக்கிறார். அதுவரை அந்த எஞ்சினே அவருக்கு எல்லாம்.

நாம் சென்ற வேளையில் கொட்டகையைச் சுற்றி வெண்புகை மண்டியிருந்தது. மணிலா பூத்து விழுது இறங்கும் பருவம். பத்து நாளாகத் தண்ணீர் இல்லை. "ரிங் மாத்துனோம் ஐயா. மாத்துறதுக்கு முன்ன இவ்வளவு புகை இல்லீங்க. இப்ப கண்ணைத் தொறக்க முடியல" என்றார். அண்மையூரிலிருந்து வந்து பார்த்த ஒருவர், சிலிண்டர் தேய்ந்துவிட்டது, லைனர், பிஸ்டன் யாவும் புதிதாகப் போட வேண்டும் என்று கூறிச் சென்றாராம். அதற்காக மனைவியின் வளையல்களை அடகு வைக்கப் புறப்படும் நிலையில் அவர் இருந்தார்.

நாம் பொறியியல் கற்றவரல்லோம். எனினும் கணக்குத் தணிக்கையில் நாம் அன்றாடம் கையாளும் வழி ஒன்று உண்டு. சென்ற மாதம் வரை நேராக இருந்த ஐந்தொகை இம்மாதம் நேராகவில்லை என்றால், பத்தாண்டுப் பேரேட்டைப் புரட்டுவதில்லை. இம்மாதம் எழுதிய பதிவுகளையே முதலில் பார்ப்போம். நெசவாள அன்பர்களும் இதையே செய்கின்றனர். அச்சில் இழை மாற்றிக் கோத்த பின் துணியில் கோடு விழுந்தால், பாவு முழுவதையும் அறுத்து எறிவாருண்டோ? எஞ்சின் விஷயத்தில் மட்டும் இந்த நல்லறிவு ஏனோ நம்மைவிட்டு அகன்றுவிடுகிறது. பழுது பார்த்த மறுநாள் தோன்றும் புகை, பெரும்பாலும் பழுது பார்த்த கை விட்டுச் சென்ற புகையாகவே இருக்கும்.

ஆகவே அவரிடம் நாம் கேட்ட முதல் கேள்வி, "என்னென்ன கழற்றினீர்கள்?" என்பதே. ரிங் என்று மட்டும் முதலில் சொன்னார். மெல்லக் கேட்கக் கேட்க, ஹெட்டைக் கழற்றியது, நாசிலைத் துடைத்தது, டாப்பெட் திருகுகளைத் தளர்த்தியது எல்லாம் வெளிவந்தன. இன்னும் ஒன்று இருந்தது. அதை அவர் அப்போது மறந்திருந்தார்.

புகையைப் படிக்கக் கற்றுக்கொள்வது எளிது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. ருடால்ஃப் டீசல் என்பார் 1897ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் தத்துவமே இன்றும் நம் கொட்டகையில் உள்ளது. (1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அவ்வகை எஞ்சின் ஒன்று மணிலா எண்ணெயிலேயே ஓடிற்று என்பது குயிலாப்பாளையத்தார்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.) உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 17இல் ஒரு பங்காக நசுக்குகிறது. அந்த நசுக்கிலேயே காற்று 500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறுகிறது. சரியான தருணத்தில் நாசில் டீசலைப் பனிபோல் தூவ, அது தானே பற்றிக்கொள்கிறது. எனவே சூடான காற்று, பனிபோன்ற தூவல், தவறாத தருணம் ஆகிய மூன்றில் ஒன்று கெட்டாலும் புகை உண்டாகும்.

கரும்புகை என்றால் டீசல் அதிகம், அல்லது காற்றுக் குறைவு. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், அதன் கிண்ணத்தில் எண்ணெயைக் கோட்டிற்கு மேல் ஊற்றியிருக்கலாம், சைலன்சர் கரிபிடித்திருக்கலாம். உப்பளத்தில் நின்ற எஞ்சினாயின் சைலன்சருக்குள் துருச் செதிலும் சேரும். எஞ்சின் தாங்காத சுமையை இழுத்தாலும் கரும்புகையே வரும். நீலப்புகை, மசகெண்ணெய் எரிகிறது என்பதற்கு அடையாளம். ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்துவிட்டாலும், மேற்பக்கம் என்று குறியிட்ட ரிங்கைத் தலைகீழாகப் போட்டாலும், கிராங்க் அறையில் எண்ணெய் மிகுந்தாலும் இது நேரும். புது ரிங் போட்ட முதல் சில மணி நேரம் சிறிது நீலம் காண்பது இயல்பு. அதற்கு அஞ்சி மறுபடி ஹெட்டைத் திறப்பது வீண். சுமையின்றி நாள் முழுதும் வெறுமனே ஓடவிட்டால்தான் ரிங் படியாமல் போய்விடும். மிதமான சுமையில் ஓட்டுக.

வெண்புகையே மக்களை ஏமாற்றுவது. அதில் இருவகை உண்டு. ஒன்று நீராவி: கேஸ்கெட் கிழிந்தோ ஹெட் வெடித்தோ குளிர்நீர் உள்ளே புகுந்தால் வருவது. மற்றொன்று எரியாத டீசல். ஒரு வெள்ளைத் துணியைச் சைலன்சர் வாய்க்கு ஒரு முழம் தள்ளிச் சற்றுநேரம் பிடித்துப் பார்த்தால் போதும். நீராவியாயின் துணி நனையும், வாடையிராது. குளிர்நீரும் நாளுக்குநாள் குறையும். எரியாத டீசலாயின் பிசுபிசுப்பும் டீசல் வாடையும் இருக்கும், கண் எரியும். நம் அங்கத்தினரின் துண்டு அன்று டீசல் நாற்றம் நாறிற்று. புகை சுமையில்லாதபோது வெளுப்பாகவும், தண்ணீர் ஏற்றத் தொடங்கியதும் கறுப்பாகவும் மாறிற்று. எஞ்சின் இழுக்கவும் இல்லை. சைலன்சர் வழக்கத்தைவிட மிகச் சூடாயிருந்தது. நீலம் கடுகளவும் இல்லை. அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால், ஊற்றிய எண்ணெய் ஊற்றியபடியே இருந்தது. சிலிண்டர் தேய்ந்திருந்தால் எண்ணெய் எரிந்து குறைந்திருக்க வேண்டுமன்றோ?

இனிச் செலவில்லாச் சோதனைகள். எஞ்சினை நிறுத்தி, டீசல் வரத்தை மூடி, வால்வைத் தூக்கி நிறுத்தும் லீவரை விடுவித்து, ஃபிளைவீலைக் கையால் சுழற்றினோம். நசுக்கு வரும் இடத்தில் அது முறைத்து நின்று பின்னுக்கு உதைத்தது. பழைய சிலிண்டரோ மூடாத வால்வோ இவ்வாறு உதைக்காது. காற்று உஸ்ஸென்று கசிந்துவிடும். டாப்பெட் இடைவெளி கையேட்டில் கண்டபடியே இருந்தது. இடைவெளி இல்லாமல் முடுக்கியிருந்தால் வால்வு முழுதும் மூடாமல் இதே புகை வந்திருக்கும் ஆதலால் அதைப் பார்த்தே ஆக வேண்டும். லைனர் விற்கும் செலவு இங்கேயே நீங்கிற்று.

அடுத்து நாசில். அதை வெளியே எடுத்து, குழாயோடு பூட்டி, ஃபிளைவீலைச் சுழற்றித் தூவலைப் பார்த்தோம். பனிபோல் தூவிற்று, ஒழுகவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை. நாசிலின் முன் விரலை நீட்டவே கூடாது. அத்தூவல் தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் செலுத்தக்கூடியது. வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி மட்டும் தெரியும், வலியும் அற்பமாயிருக்கும். ஆயினும் விரலையே இழக்க நேரலாம். அவ்வாறு பட்டால் அன்றே, அந்நேரமே மருத்துவமனை செல்க.

காற்றும் தூவலும் சரி. எஞ்சியது தருணம். "டீசல் பம்பைக் கழற்றினீரோ?" என்று கேட்டோம். அப்போதுதான் அவருடைய தங்கை மகன், பத்தாம் வகுப்புப் பிள்ளை, தயங்கியபடி, "அடியில எண்ணெய் கசிஞ்சுது மாமா. அதான் ஒரு அட்டை வெட்டி வெச்சேன்" என்றான்.

பம்பின் அடியில், அது எஞ்சின் உடலோடு சேரும் இடத்தில், காகிதம்போன்ற மெல்லிய தகடுகள் சில இருக்கும். அவை கசிவைத் தடுக்க வைத்தவை என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவை காலத்தை அளக்கும் தகடுகள். தகட்டைக் கூட்டினால் பம்ப் உயர்ந்து, கேம் அதனைத் தள்ளும் நேரம் பிந்தும், குறைத்தால் முந்தும். 1500 சுற்று எஞ்சின் நொடிக்கு 25 சுற்றுச் சுற்றுகிறது. ஒரு பாகை திரும்ப ஆகும் நேரம் நொடியில் 9000இல் ஒரு பங்கு. நிமிடத்திற்கு 750 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரைச் சொட்டு டீசலை அந்த நுண்ணிய கணக்குத் தவறாமல் பம்ப் செலுத்த வேண்டும். நோட்டுப் புத்தக அட்டை ஒன்றை நடுவில் நுழைத்தால் என்னாகும்? பிஸ்டன் இறங்கத் தொடங்கி, காற்று குளிரும் வேளையில் டீசல் வந்து சேர்கிறது. பாதி எரியும், பாதி வெண்புகையாகப் போகும். பிந்தி எரிந்த தீ சைலன்சரைச் சுடும். கண்ட குறிகள் யாவும் இதனோடு பொருந்தின.

பையனை அவர் அதட்ட முற்பட்டதை நாம் தடுத்தோம். மறைக்காமல் சொன்னானே, அதனாலன்றோ வளையல் தப்பிற்று! குறை வேறிடத்தில் இருந்தது. கழற்றியபோது எதை எங்கிருந்து எடுத்தோம் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. தகடு எத்தனை, எந்தப் பக்கம் எது, குறி எங்கே என்று ஒரு தாளில் எழுதியிருந்தால் பத்து நாள் பாசனம் போயிராது.

அட்டையை எடுத்துவிட்டுப் பழைய தகடுகளை மட்டும் வைத்துப் பம்பை முடுக்கினோம். பின்னர்த் தருணத்தைச் சரிபார்த்தோம். டீசல் கைப்பிடியை முழு அளவில் வைத்து, பம்பிலிருந்து நாசிலுக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, பம்பின் வாயில் டீசல் தளும்பி நிற்குமாறு செய்து, ஃபிளைவீலை ஓடும் திசையிலேயே மிக மெதுவாகத் திருப்ப வேண்டும். வாயில் நிற்கும் டீசல் அசைந்து எழத் தொடங்கும் அந்தக் கணத்தில் நிறுத்திப் பார்த்தால், ஃபிளைவீலில் வெட்டியுள்ள குறி நிலைக்குறிக்கு நேரே நிற்க வேண்டும். நேரே நின்றது. பிந்தி நின்றால் ஒரு தகட்டை எடுக்க வேண்டும். முந்தி நின்றால் சேர்க்க வேண்டும். குறி எத்தனை பாகைக்கு உரியது என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். அதை எஞ்சினோடு வந்த கையேட்டில் காண்க. அண்டை வீட்டு எஞ்சினின் அளவு உதவாது.

குழாய்களில் காற்று நீக்கி ஓட்டியபோது முதலில் சிறிது வெண்மை வந்தது. சைலன்சரில் தேங்கிய டீசல் அது. கால் மணி நேரத்தில் அதுவும் நின்றது. சுமை ஏற்றினோம், வாயில் மெல்லிய சாம்பல் நிறத்திற்கு மேல் ஒன்றுமில்லை. மாலைக்குள் மேற்பாத்தி நனைந்தது. தவணைக்கு இரண்டு மாத அவகாசம் அளிக்கலாம் என்று அங்கேயே குறிப்பெழுதினோம்.

பம்பின் அடியில் கசிவு மட்டும் மீண்டும் தோன்றிற்று. அதற்கு என்ன செய்வது என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. எண்ணெய் தாங்கும் மெல்லிய பேக்கிங் தாள் கடையில் கிடைக்கிறது, அதை வைக்கலாம். ஆனால் தாளின் கனம் எவ்வளவோ அவ்வளவு கனமுள்ள தகட்டை எடுத்துவிட்டு, பம்பின் வாயில் டீசல் எழுவதை மறுபடியும் குறியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். தாள் எண்ணெயில் ஊறி அமுங்கும். ஆகையால் பத்து நாள் கழித்து மற்றுமொரு முறை பார்க்க வேண்டும். அவன் இதைப் பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டான். அந்த நோட்டின் பின்னட்டை முன்பே வெட்டப்பட்டிருந்தது.