பூசணத்திற்குப் பகை பூசணமே

முன்னுரை

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வழக்கு. பயிரை அழிக்கும் பூசணத்தை மற்றொரு பூசணத்தைக் கொண்டே அடக்கும் வேளாண் முறைக்கு இப்பழமொழி முற்றும் பொருந்தும். தமிழ் பயில்வோர்க்கு இதில் என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். அதற்குரிய விடையை இறுதியிற் காண்போம்.

நோயும் மருந்தும்

பூசணம் பச்சையம் அற்றது. தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாதது. ஆகவே மட்கிய பொருளையோ உயிருள்ள பயிரையோ சார்ந்து வாழ்கிறது. நிலக்கடலை, பயறு, பருத்தி ஆகியவற்றின் வேரழுகலுக்கும் கொண்டைக்கடலையின் வாடல் நோய்க்கும் மண்ணில் வாழும் பூசணங்களே காரணம். இவற்றுட் பல, கடினமான உறங்குநிலை உறுப்புகளாக மண்ணில் நெடுங்காலம் தங்கியிருக்கும்.

1885ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் மில்லார்டே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்தோக் கலவை திராட்சையின் அடிச்சாம்பல் நோயைத் தடுப்பதை நிறுவினார். பின்னர் வேதிப் பூசணக்கொல்லிகள் பல வந்தன. இலைமேல் தெளிப்பது வேரடி மண்ணுக்குள் சென்று சேர்வது அரிது. ஒரே மருந்தைத் தொடர்ந்து இட்டால் அதற்கு அஞ்சாத பூசண வகைகளும் பெருகுகின்றன. எனவே வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

காக்கும் பூசணம்

அவ்வழியில் முதன்மையானது டிரைக்கோடெர்மா. பசுமை நிற வித்துகளை உடைய இம்மண்பூசணத்திற்கு 1794இல் பெர்சூன் என்பார் பெயரிட்டார். இது பிற பூசணங்களைத் தாக்கி உண்பதை 1932இல் அமெரிக்காவில் வைண்ட்லிங் என்பார் எடுத்துரைத்தார்.

இதன் செயல் மூவகைப்படும். முதலாவது, விரைந்து வளர்ந்து இடத்தையும் உணவையும் கைப்பற்றுதல். இரண்டாவது, பகைப் பூசணத்தின் இழைகளைக் கொடிபோற் சுற்றி, கைட்டினேசு முதலிய நொதிகளால் அதன் சுவரைக் கரைத்து உண்ணுதல். மூன்றாவது, பகையை ஒடுக்கும் நச்சுப்பொருள்களைச் சுரத்தல். இவையன்றி, பயிரின் இயல்பான எதிர்ப்பாற்றலையும் இது தூண்டுகிறது.

உருவாக்கமும் பயன்பாடும்

வயல் மண்ணிலிருந்து இப்பூசணத்தைப் பிரித்தெடுத்து, ஒரே கண்ணாடித் தட்டில் நோய்ப்பூசணத்தோடு எதிரெதிரே வளர்த்து, வெல்லும் வகையைத் தேர்ந்தெடுப்பர். அதனைக் கரும்பாலைக் கழிவுப்பாகும் ஈஸ்டும் கலந்த ஊடகத்திற் பெருக்கி, டால்க் தூளுடன் கலந்து உலர்த்துவர். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இம்முறையைப் பரப்பியதில் பெரும்பங்கு கொண்டது.

ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் விதைநேர்த்தி செய்தல் பரிந்துரை. மண்ணில் இடுவதாயின், எக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ தொழுவுரத்துடன் கலந்து இடல் வேண்டும். ரைசோபியம் போன்ற உயிர் உரங்களோடு இது இணங்கும். வேதிப் பூசணக்கொல்லிகள் பலவற்றோடு இணங்காது.

இதற்கு வரம்புகளும் உண்டு. இது வருமுன் காப்பதேயன்றி, அழுகிய வேரை மீட்பதன்று. ஈரமும் மட்கும் இல்லாத மண்ணில் சிறப்பதில்லை. காளான் குடிலுக்குள் இவ்வினம் புகுந்தால் அதுவே பச்சைப்பூசண நோயாகிக் காளானை அழிக்கும்.

முடிவுரை

இனி, தமிழ் பயில்வோர்க்குரிய பங்கு யாது? வயலில் இடும் வேதிப்பொருள் அனைத்தையும் "மருந்து" என்றே அழைத்துப் பழகிவிட்டோம். அதே பெயரை இதற்கும் சூட்டுவதால், வெயிலில் வைத்தாலும், காலம் கடந்தாலும், பிற மருந்தோடு கலந்தாலும் கெடாது என உழவர் எண்ண இடமுண்டு. உறையினுள் இருப்பதோ உயிர். வித்துகள் இறந்துவிட்டால் எஞ்சுவது வெறும் டால்க் தூளே. உழவரின் பணமும் பருவமும் வீணாகும். "கொல்லி" என்னும் சொல்லும் இதன் இயல்பை உணர்த்தவில்லை. "காப்புப் பூசணம்" என்றாற்போலப் பொருள் விளங்கும் பெயரும், "குளிர்ந்த நிழலில் வைக்க, வேதிமருந்தோடு கலவற்க" எனத் தெளிந்த தமிழில் உறைக்குறிப்பும் அமைதல் வேண்டும். அறிவியலார் கண்டதை உழவர் கைக்குச் சேர்ப்பது மொழியே. அப்பணியை நம் மாணவர்கள் ஏற்பாராயின், தமிழுக்கும் மண்ணுக்கும் ஒருசேரத் தொண்டாற்றியவர் ஆவர்.