பாடகர் குழுவில் பழகிய கை பிழைப்புக்கும் உதவும்

மங்கலம்பேட்டைக்குப் பக்கத்தில் கோனான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி அன்னை ஆலயம் இருக்கிறது. ஜனவரித் திருவிழா வந்துவிட்டால் திருப்பலிக்குத் திருப்பலி பாடவும் வாசிக்கவும் ஆள் வேண்டும். இந்த வட்டாரத்தில் இசையில் நாட்டமுள்ள இளைஞர்களுக்குக் கோயில் பாடகர் குழுவே முதல் மேடை. அதைச் சம்பளமில்லாத தொழிற்பயிற்சியாக எடுத்துக்கொண்டால், நாளை பிழைப்புக்கு உதவும்.

சுதி பிடியுங்கள்

முன்வரிசைப் பாட்டி ஒருவர் தன் போக்கில் பாட்டை எடுத்துவிடுவார். பதறி உடனே வாசிக்காதீர்கள். முதல் வரியைக் கேளுங்கள். கட்டையைக் கண்டுபிடித்து, கீபோர்டில் டிரான்ஸ்போஸை மாற்றி, இரண்டாம் வரியில் சேருங்கள். நீங்களே தொடங்கும்போது, பாட்டின் உச்ச ஸ்வரம் ‘டி’யைத் தாண்டாமல் கட்டையை அமையுங்கள். அதற்கு மேல் போனால் கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். விரல் வேகம் காட்ட ஆயிரம் பேர் உண்டு. கூட்டத்தைப் பாட வைப்பவருக்கே மறுபடியும் அழைப்பு வரும்.

வழிபாட்டு வரிசையைப் படியுங்கள்

வருகைப் பாடல், பதிலுரைப் பாடல், காணிக்கை, திருவிருந்து, நன்றி என்று ஒவ்வொன்றுக்கும் இடமும் நேரமும் உண்டு. தவக்காலத்தில் அல்லேலூயா கிடையாது; அக்கால ஞாயிறுகளில் வானவர் கீதமும் கிடையாது. அப்போது கருவிகள் பாட்டுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம். கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் ஆலயத்தில் வாசிக்கப் போனால் பாமாலையும் கீர்த்தனையும் கைவசம் இருக்க வேண்டும். இரண்டு மரபும் தெரிந்தவருக்கு வேலை இரட்டிப்பு.

மிக்ஸரைத் தொடுங்கள்

சவுண்ட் பாக்ஸ் மைக்குக்குப் பின்னால் இருந்தால் ‘கூ’வென்று ஊளையிடும். பாக்ஸ் எப்போதும் மைக்குக்கு முன்னால், மக்களைப் பார்த்து நிற்கட்டும். யார் பாடுகிறாரோ அவர் மைக்கை மட்டும் திறந்து வையுங்கள். கோயிலில் இதைப் பழகியவர் கல்யாணம், பொதுக்கூட்டம், பள்ளி ஆண்டுவிழா எல்லாவற்றுக்கும் போகலாம். கரண்ட் போனாலும் பாட்டு நிற்காதபடி, கருவியே இல்லாமல் பாட இரண்டு பாட்டுகளைத் தயாராக வைத்திருங்கள்.

சான்றிதழ் வாங்குங்கள்

கடலூர் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, வயலின், மிருதங்கம் உள்ளிட்டவற்றை மூன்று ஆண்டு கற்கலாம். பட்டம் வேண்டுமானால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறை இருக்கிறது. கீபோர்டு, கிட்டார் வாசிப்பவர்கள் டிரினிட்டி தேர்வுகளை எட்டாம் கிரேடு வரை எழுதலாம். இசை வகுப்பு எடுக்கவும் பள்ளியில் வேலை கேட்கவும் கேள்வி ஞானத்துடன் ஒரு காகிதமும் தேவை.

பணத்தை முன்பே பேசுங்கள்

ஞாயிறு வழிபாடு சேவை. அதற்குக் கணக்குப் பார்க்காதீர்கள். வருமானம் கல்யாணத் திருப்பலி, இசை வகுப்பு, ஒலிப்பதிவு ஆகியவற்றில் வரும். எத்தனை பாட்டு, எத்தனை பேர், சவுண்ட் செட் யார் பொறுப்பு, முன்பணம் எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பாட்டுப் பட்டியலைப் பங்குத்தந்தையிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள். சினிமாப் பாட்டு கேட்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கு அவர் சொல்லே பதில்.

பதிவேற்றும் முன் யோசியுங்கள்

மதச் சடங்கின்போது பிறர் பாடலைப் பாடுவதற்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. அதே பாட்டைப் பதிவுசெய்து யூடியூபில் போடுவது வேறு விஷயம். உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள்.

இந்த ஞாயிறே ஒரு நோட்டுப் போடுங்கள். பாட்டு, கட்டை, தாளம், எந்தக் காலத்துக்குரியது என்று நான்கு பத்தி போதும். ஒரு திருவழிபாட்டு ஆண்டு முடிந்ததும், எந்தப் பங்கில் கூப்பிட்டாலும் ஒத்திகை இல்லாமல் போய் உட்காரலாம்.