பிள்ளையை வளர்த்தவளுக்குச் சம்பளம்

வேதபாடம்: யாத்திராகமம் 2:1-10, நெகேமியா 13:10-13



மோசேயைப் பற்றி எத்தனையோ செய்திகள் கேட்டிருக்கிறோம். நாணற்பெட்டி தெரியும், எரிகிற முட்செடி தெரியும், செங்கடல் தெரியும். நடுவில் ஒரு சம்பளக் கணக்கு இருக்கிறதைக் கவனித்தீர்களா?

பார்வோனின் குமாரத்தி அந்தக் குழந்தையைக் கண்டு மனமிரங்கினாள். எபிரெயப் பிள்ளை என்று பார்த்தவுடன் அறிந்துகொண்டாள். அரமனையில் தாதிமாருக்கா குறைவு? ஆனாலும் பிள்ளையின் அக்காள் வந்து, எபிரெய ஸ்திரீ ஒருத்தியை அழைத்து வரட்டுமா என்று கேட்டபோது, போய் அழைத்து வா என்றாள். பெற்ற தாயே வந்து நின்றாள். அவள் கையில் பிள்ளையைக் கொடுத்து, வளர்ப்பதற்குக் கூலியும் பேசினாள் (வச. 9). தர்மம் அல்ல, அன்பளிப்பும் அல்ல. நம் வேதாகமத்தில் அந்த இடத்தில் உள்ள வார்த்தை சம்பளம்.

பணம் அரமனையிலிருந்து போயிற்று. பாலும் தாலாட்டும் எபிரெய வீட்டிலிருந்து வந்தது. பின்னாளில் மோசே அரமனைச் சுகத்தை வெறுத்து, தேவஜனங்களோடு பாடு அனுபவிக்கத் துணிந்தான் (எபி. 11:24-25). தான் யாருடைய பிள்ளை என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பால் குடித்த வீடுதான் சொல்லியிருக்கும் என்பது என் விசுவாசம்.

நம் போடியில் விடியுமுன்னே ஜீப் சத்தம் கேட்கிறது. போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற தாய்மார் பொழுது சாய்ந்துதான் இறங்குகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கு வீட்டில் பூட்டு. குரங்கணி, கொட்டகுடி பக்கத்து மலைக் குடியிருப்புகளில் இன்னொரு கஷ்டம்: வீட்டில் பேசுகிற பேச்சு ஒன்று, பாடப்புத்தகத்துத் தமிழ் வேறு. இந்தப் பிள்ளைகளைச் சாயங்காலத்தில் ஒரு திண்ணையில் கூட்டி, எழுத்துச் சொல்லிக்கொடுத்து, பாட்டுப் பாடி, சுண்டல் அவித்துக் கொடுக்கிற ஒரு சகோதரியை நான் அறிவேன். காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறதும் அவர்தான். தோட்டத் தொழிலாளியின் மகள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டில் தகப்பன் குடித்துவிட்டு வருகிறான் என்று கேட்காமலே தெரியும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையையும் சேர்க்கமாட்டார். கிறிஸ்துமஸுக்கு ஸ்வெட்டர் கொண்டுவருகிற வெளியூர்க் குழு நல்ல குழுதான். ஆனால் அவர்கள் மறுநாள் போய்விடுகிறார்கள்.

டோனாவூரில் 1901 முதல் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த ஆமி கார்மைக்கேல் அம்மையாரை நாம் அறிவோம். அவர் பக்கத்தில் நின்று, 1915-ல் மரிக்குமட்டும் கைக்குழந்தைகளைப் பராமரித்த பொன்னம்மாள் என்ற தமிழ் விதவையை எத்தனை பேர் அறிவோம்? அந்த அம்மையார் அக்காமார் என்று அழைக்கப்பட்ட தமிழ்ச் சகோதரிகள் இல்லாமல் அவ்வளவு பிள்ளைகளை எப்படி வளர்த்திருப்பார்!

இப்போது நெகேமியாவுக்கு வாருங்கள். லேவியருக்குரிய பங்கு கொடுக்கப்படவில்லை. அவர்கள் அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள். லேவியன் பின்மாறிப்போனான் என்று நெகேமியா சொல்லவில்லை. அதிகாரிகளைத்தான் கடிந்துகொண்டான். நம் சகோதரியும் இரண்டு மாதம் பங்கு வராவிட்டால் ஜீப்பில்தான் ஏறவேண்டும். திண்ணை காலியாகும். திரும்ப வரும்போது பாதிப் பிள்ளைகள் வராது.

வெளிநாட்டுப் பணம் இருக்கிறதே என்று இனிச் சொல்ல முடியாது. கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற ஸ்தாபனம் சபைகளின் மூலம் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் பிள்ளைகளைத் தாங்கி வந்தது. அரசாங்க அனுமதி கிடைக்காமல் 2017 மார்ச்சில் அந்த வேலை நின்றுபோயிற்று. இதில் நான் அரசியல் பேச வரவில்லை. தூரத்துக் குழாயை அடைத்தால் நம் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் உண்டா என்பதே என் கேள்வி. நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். 1903-ல் திருநெல்வேலியில் அசரியா முதலானவர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தை இந்தியர் பணத்தைக் கொண்டே நடத்துவதென்று தொடங்கினார்கள். மிசோரமில் 1910-லிருந்து தாய்மார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்து வைக்கிறார்கள். நம் வீட்டில் அரிசி இல்லையா?

"விசுவாச ஊழியந்தானே பாஸ்டர், கர்த்தர் பார்த்துக்குவார்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். பார்த்துக்கொள்கிறவர்தான். எலியாவை யாரைக்கொண்டு பார்த்துக்கொண்டார்? ஒரு கைப்பிடி மாவு வைத்திருந்த சாறிபாத் விதவையைக்கொண்டு! டோனாவூர் அம்மையாரும் மனுஷரிடம் பணம் கேட்காதவர். கேளாதிருப்பது ஊழியரின் விசுவாசம். கேட்கட்டும் என்று காத்திருப்பது நம்முடைய விசுவாசமா?

ஏலச்செடியை நட்ட மறுவருஷமே காய் கேட்கிற தோட்டக்காரன் இல்லை. மூன்றாம் வருஷம் வரைக்கும் களையெடுத்து, நிழல் பார்த்துக் காத்திருக்கிறான். பிள்ளைகள் ஊழியத்துக்கு மட்டும் ஆறு மாதத்தில் ரிப்போர்ட் கேட்கிறோம், அதுவும் போட்டோவோடு! பிள்ளைகளின் வறுமையைப் போட்டோ பிடித்துக் காட்டுகிறது எனக்குச் சம்மதமில்லை.

கணக்கு வேண்டும், அது வேறு. நெகேமியா பொக்கிஷசாலையை ஒரே ஆளிடம் விடவில்லை. ஆசாரியன், வேதபாரகன், லேவியன், இவர்களுக்குத் துணையாக இன்னொருவன் என்று நாலு பேரை வைத்தான் (வச. 13). நாமும் பாஸ்டர் கையில் கொடுக்காமல் மூன்று பேர் கையெழுத்தில் வைப்போம். இன்னொன்று: பிள்ளைகளைத் தங்கவைத்து இல்லம் நடத்துவதானால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு வேண்டும். ஆகையால் இப்போதைக்குச் சாயங்கால வகுப்பு போதும். பிள்ளை இரவில் தாயிடம் தூங்கட்டும்.

முப்பது வீடு, மாதம் முந்நூறு ரூபாய் என்றால் ஒன்பதாயிரம். ஒரு ஊழியரைத் தாங்கலாம். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் உறை தருவோம். பெயர் எழுத வேண்டாம், மாதத்தை மட்டும் எழுதுங்கள். அறுவடைப் பணம் கையில் இருக்கும்போதே, தை மாதத்தில், கோடைக்கான உறைகளையும் ஜூன் மாத உறையையும் கட்டி வைத்துவிடுங்கள். தோட்டத்தில் வேலை குறைகிற கோடை முடிந்தவுடனே பள்ளிக்கூடம் திறக்கிறது. பணமில்லாத தாய்மார் அரிசிக் கலயத்தோடு வாருங்கள், அதையும் கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.