பூங்காவுக்கு அடியில் ஓர் ஊர்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பள்ளியிலிருந்து உங்களை ஜப்பானுக்கு அழைத்துப் போகிறார்கள், ஹிரோஷிமாவிலும் தங்கப் போகிறீர்கள் என்று உன் அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். “அணுகுண்டு விழுந்த ஊரில் இப்போது போய் இருக்கலாமா, பெரியப்பா?” என்று நீ கேட்கச் சொன்னாயாம். முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

1945 ஆகஸ்ட் 6, காலை 8.15 மணி. குண்டு தரையில் விழுந்து வெடிக்கவில்லை. சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அதனால் கதிரியக்கப் பொருளில் பெரும்பகுதி தீப்பிழம்போடு மேலே போய்க் காற்றில் கலந்துவிட்டது. மண்ணில் தங்கிய கொஞ்சமும் வேகமாகக் குறைந்தது. இன்று அங்கே இருப்பது மற்ற ஊர்களில் இயற்கையாக இருக்கும் அளவுதான். நீ பயப்பட வேண்டாம். ஆனால் அந்த முதல் நாட்கள் வேறு. சொந்தக்காரர்களைத் தேடி ஊருக்குள் போனவர்களையும், வெடிப்புக்குப் பிறகு பெய்த கறுப்பு மழையில் நனைந்தவர்களையும் கதிர்வீச்சு விடவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 1,40,000 பேர் இறந்தார்கள். இனி எழுபத்தைந்து வருஷத்துக்கு அங்கே புல் பூண்டு முளைக்காது என்று பேச்சு கிளம்பியது. அந்தச் சாம்பலில் முதலில் பூத்தது அரளி என்பார்கள். இன்று நகரத்தின் மலரே அரளிதான்.

எல்லாரையும் போல உங்களையும் முதலில் அமைதி நினைவுப் பூங்காவுக்குத்தான் கூட்டிப் போவார்கள். இருபுறமும் ஆறு, நடுவில் மரங்கள், புல்வெளி. பார்க்கிற பலருக்கு, நல்லவேளை, வெட்டவெளியில்தான் குண்டு விழுந்திருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. அப்படி நினைத்துக்கொண்டு நீ திரும்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். அது வெட்டவெளி இல்லை. நகாஜிமா என்ற பகுதி. கடைகள், விடுதிகள், கோயில்கள், திரையரங்கு என்று நெருக்கியடித்துக்கொண்டு 4,000 பேருக்கு மேல் வாழ்ந்த இடம். வெடித்த இடத்துக்கு நேர் கீழே என்று சொல்லும்படி இருந்ததால் அன்று அங்கே இருந்தவர்களில் உயிர் பிழைத்தவர் அரிது. பிறகு அதன் மேல் மண் கொட்டி மேடாக்கிப் பூங்கா அமைத்தார்கள். கென்சோ டாங்கே என்ற கட்டடக் கலைஞரின் திட்டம் அது. நினைவுச் சின்னம் 1952-லும் அருங்காட்சியகம் 1955-லும் திறக்கப்பட்டன.

அருங்காட்சியகத்துக்கு அருகில் சிறியதாக ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது, 2022-ல் திறந்தார்கள். நெரிசலில் பலர் அதைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். நீ கட்டாயம் உள்ளே போ. மண்ணைத் தோண்டி அன்றைய தரையை அப்படியே விட்டிருக்கிறார்கள். இப்போது நாம் நடக்கிற மட்டத்துக்குக் கீழே பழைய தெரு தெரிகிறது, ஒரு வீட்டின் தரை தெரிகிறது. கரியாகிப்போன மரக்கட்டையும், வீட்டுக்குள் விரித்திருந்த பாயும் கருகிக் கிடக்கின்றன. குனிந்து பார். யாரோ அந்தப் பாய் மேல்தான் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டிருப்பார்கள். குண்டில் சிதைந்து இன்றும் நிற்கிற குவிமாடக் கட்டடத்தைவிட இந்தப் பாய் எனக்கு அதிகம் சொன்னது. பூங்காவின் ஓய்வு இல்லத்தையும் பார். அது 1929-ல் கிமோனோ கடையாகக் கட்டியது. குண்டு விழுந்த நேரத்தில் ஏதோ காகிதம் எடுக்க நிலவறைக்குப் போன ஒரே ஓர் ஊழியர் பிழைத்தார். அந்த நிலவறை இன்னும் இருக்கிறது.

குவிமாடம் இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனால் இடிப்பதா வைப்பதா என்று ஊருக்குள் இருபது வருஷம் வாதம் நடந்தது. தினமும் அதைப் பார்க்கிற வேதனை தாங்கவில்லை என்று சொன்னவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். 1966-ல்தான் நகர மன்றம் காப்பதென்று தீர்மானித்தது.

பூங்காவுக்குத் தெற்கே 100 மீட்டர் அகலத்தில் அமைதிச் சாலை போகிறது. போர்க்காலத்தில் தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்துத் திறந்தவெளி உண்டாக்கினார்கள். அன்று காலை அங்கே இடிபாடுகளை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். உன் வயதுகூட இல்லை. இப்படி ஊர் முழுக்க வேலைக்கு அனுப்பப்பட்ட மாணவர்களில் ஏறக்குறைய 6,000 பேர் இறந்தார்கள். உள்ளே சோறு கரியாகிப்போன ஒரு சாப்பாட்டு டப்பாவை அருங்காட்சியகத்தில் பார்ப்பாய். அது அவர்களில் ஒருவனுடையது. போருக்குப் பிறகு அந்தத் திறந்தவெளியே சாலையாயிற்று. குடியிருக்க வீடில்லாதபோது இவ்வளவு அகலச் சாலை எதற்கு என்று மக்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. மறுகட்டுமானம் என்றால் எல்லாரும் கைகோத்து மகிழ்ச்சியாகச் செய்த வேலை என்று புத்தகங்கள் காட்டும், அப்படி இல்லை. சாலைக்கும் பூங்காவுக்கும் ஒவ்வொருவர் மனையிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்கள். ஆற்றங்கரையில் குடிசை போட்டவர்கள் பல வருஷம் அப்படியே கிடந்தார்கள். அவர்களுக்காக மோட்டோமாச்சி என்ற பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டி முடிய 1978 ஆயிற்று.

பணத்துக்கும் திண்டாட்டம்தான். நாடு முழுக்க நகரங்கள் எரிந்து கிடந்தன. ஹிரோஷிமாவுக்கு மட்டும் அள்ளிக் கொடுக்க அரசிடம் என்ன இருந்தது? 1949-ல் தனிச் சட்டம் வந்த பிறகுதான், ராணுவம் வைத்திருந்த அரசு நிலம் நகரத்துக்கு இலவசமாகக் கிடைக்க வழி பிறந்தது. ஆம், அது ராணுவ நகரம். உஜினா துறைமுகத்திலிருந்துதான் படைகள் சீனாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் கப்பலேறின. குண்டில் இறந்தவர்களும் ஜப்பானியர்கள் மட்டும் இல்லை, கொரியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்காக 1970-ல் எழுப்பிய நினைவுக்கல் 1999 வரை பூங்காவுக்கு வெளியேதான் நின்றது. அதன் முன்னும் போய் நில்.

நகருக்குள் டிராமிலேயே போ. குண்டு விழுந்த மூன்றாம் நாளே ஒரு சிறு தூரத்துக்கு டிராம் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் டிராம் நிறுவனம் நடத்திய பள்ளியின் மாணவிகள்தான் அதற்கு முன்பே ஓட்டுநர்களாகவும் நடத்துநர்களாகவும் இருந்தார்கள். குண்டுக்குப் பிறகு மீண்டும் ஓடிய வண்டியிலும் அந்தப் பெண்கள் வேலை செய்தார்கள். 651, 652 என்ற எண்ணுள்ள வண்டிகள் அன்று சேதமாகிப் பழுது பார்க்கப்பட்டவை. பெரும்பாலும் காலை நெரிசல் நேரத்தில் ஓடும்.

இன்னொன்று. உயிர் பிழைத்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களிடம் நேரில் கேட்டுப் பயின்றவர்கள், அவர்கள் கதையை அருங்காட்சியகத்தில் சொல்கிறார்கள். கட்டணம் கிடையாது, ஆங்கிலத்திலும் உண்டு. உங்கள் ஆசிரியையிடம் சொல்லி நேரத்தை முன்கூட்டியே விசாரித்து வை. கடைசியில் கேள்வி கேட்கலாம் என்றால் கூச்சப்படாமல் கேள். நகாஜிமாவில் எந்தத் தெருவில் என்ன கடை இருந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
பெரியப்பா